ஏடும் ஏரும்

ஏட்டுக் கல்வி வேறு, ஏர்த்தொழில் வேறு என்று பிரித்து வைப்பது உலகம் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்த வழக்கம். ஏட்டைக் கையில் எடுத்தவன் ஏரைத் தொடுவதில்லை. ஏரைப் பிடித்தவனுக்கு ஏடு எட்டுவதில்லை. ஐரோப்பாவிலே தோன்றிய பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் சமய குருமாரையும் சட்ட வல்லுநரையும் மருத்துவரையும் உருவாக்குவதையே தம் பணியாகக் கொண்டிருந்தன. உழவன் மகனுக்கு அங்கே இடம் இருக்கவில்லை என்பது ஒரு குறை. உழவுக்கே அங்கே இடம் இருக்கவில்லை என்பது அதனினும் பெரிய குறை.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே போக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு அறியத்தக்கது. பல்கலைக்கழகத்தின் கதவை அகலத் திறப்பது எப்படி, திறந்த கதவின் வழியாக யார் யார் நுழைந்தனர், யார் யார் வெளியே நிறுத்தப்பட்டனர், உள்ளே கற்ற கல்வி வருங்காலத்தவரின் வாழ்வுக்கு உதவிற்றா என்னும் வினாக்களுக்கெல்லாம் அவ்வரலாற்றிலே விடை கிடைக்கின்றது. பெருமை தரும் விடைகளும் அவற்றுள் உண்டு. தலைகுனிய வைக்கும் விடைகளும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கல்லூரிகள் எண்ணிக்கையிற் பல. ஆயினும் தன்மையில் ஒன்று. இலத்தீனும் கிரேக்கமும் அறியாதவன் அவற்றின் வாசலை மிதிக்க இயலாது. நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அம்மொழிகளைக் கற்பிக்க ஊரிலே ஆசிரியருமில்லை, வீட்டிலே பொருளுமில்லை. 1851 ஆம் ஆண்டிலே இலினோய் மாநிலத்துக் கிரான்வில் என்னும் ஊரில் உழவர் மாநாடொன்று கூடியது. யேல் கல்லூரியிற் பயின்று பேராசிரியராக விளங்கிய ஜொனதன் போல்ட்வின் டேர்ணர் என்பார், உழைக்கும் வகுப்பாருக்கென்றே பல்கலைக்கழகங்கள் அமைதல் வேண்டுமென்ற திட்டமொன்றை அம்மாநாட்டின் முன் வைத்தார். உழவனும் கைவினைஞனும் தத்தம் தொழிலைச் சிந்தித்துச் செய்பவராதல் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் சாரம்.

அக்கருத்தைச் சட்டமாக்கியவர் கல்லூரி வாசலையே கண்டிராத ஒருவர். வேர்மொன்ட் மாநிலத்திலே ஒரு கொல்லனின் மகனாக 1810 இற் பிறந்த ஜஸ்டின் சிமித் மொறில், பதினைந்து வயதிலே பள்ளிப் படிப்பை நிறுத்திக் கடையில் வேலைக்கு அமர்ந்தவர். பின்னர் வணிகத்திற் பொருளீட்டி, அரசியலிற் புகுந்து, காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். தமக்குக் கிட்டாத கல்வி பிறருக்குக் கிட்டவேண்டும் என்ற எண்ணத்துடன் 1857 இல் அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இரு சபைகளும் அதனை ஏற்றன. ஆனால், கல்வி மாநிலங்களின் பொறுப்பு, மத்திய அரசு அதிலே தலையிடலாகாது என்று கூறி, 1859 இல் ஜனாதிபதி புக்கானன் அதனை மறுத்துவிட்டார்.

மொறில் மனந்தளரவில்லை. 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மசோதாவை எதிர்த்து வந்த தென்மாநிலத்தாருட் பெரும்பாலோர் சபையை விட்டு வெளியேறினர். மறுபடியும் கொண்டுவரப்பட்ட மசோதாவிலே, 1862 ஆம் ஆண்டு யூலை மாதம் 2 ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். நாடு இரண்டுபட்டுக் குருதி சிந்திக்கொண்டிருந்த வேளையில், போர்ச்செலவு கருவூலத்தை வற்றச் செய்துகொண்டிருந்த வேளையில், உழவர் பிள்ளைகளின் கல்விக்குச் சட்டம் செய்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சட்டத்தின் அமைப்பு எளியது. காங்கிரசின் இரு சபைகளிலும் ஒரு மாநிலத்துக்கு உள்ள உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் பொதுநிலம் அம்மாநிலத்துக்கு அளிக்கப்படும். அதனை விற்றுப் பெறும் பணத்தை முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து கல்லூரி ஒன்றையேனும் நடத்தவேண்டும். அங்கே வேளாண்மையும் பொறித்தொழிலும் கற்பிக்கவேண்டும். ஏனைய கலைகளையும் விஞ்ஞானங்களையும் விலக்கலாகாது. மிகச் சிறிய மாநிலத்துக்கும் 90,000 ஏக்கர் உரியதாயிற்று. மக்கள்தொகை மிக்க நியூயோர்க் மாநிலம் ஏறத்தாழ 990,000 ஏக்கரைப் பெற்றது. கோர்ணெல் பல்கலைக்கழகம் எழுந்தது இக்கொடையைக் கொண்டேயாகும். இவ்வாறு தோன்றியவை நிலக்கொடைக் கல்லூரிகள் எனப் பெயர் பெற்றன.

கொடை என்னும் சொல்லைக் கேட்டவுடன், கொடுத்தவர் யார், கொடுக்கப்பட்ட பொருள் யாருடையது என்ற வினாவும் எழுதல் இயல்பு. பொதுநிலம் என்று சட்டம் குறித்த நிலம் வெறுநிலம் அன்று. தலைமுறை தலைமுறையாகப் பழங்குடி மக்கள் வேட்டையாடியும் பயிரிட்டும் முன்னோரைப் புதைத்தும் வாழ்ந்த நிலம் அது. போரினாலும் மிரட்டலினாலும், கைநாட்டு வாங்கிய உடன்படிக்கைகளினாலும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 2020 இல் இரு ஆய்வாளர் பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, இவ்வாறு கல்லூரிகளுக்குச் சென்ற நிலம் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் ஏக்கர் என்றும், அதனை இழந்த பழங்குடிச் சமூகங்கள் ஏறத்தாழ 250 என்றும் வெளியிட்டனர். ஒருவரின் பிள்ளைக்குக் கல்விக்கூடம் எழுப்ப மற்றொருவரின் பிள்ளை வீடிழந்தது. இக்கணக்கை ஒதுக்கிவிட்டு அக்கல்லூரிகளின் புகழை மட்டும் பாடுவது வரலாறாகாது.

கல்லூரிகள் எழுந்தன, கதவுகள் திறந்தன. ஆனால் உழவர் மக்கள் வெள்ளமெனத் திரண்டு வரவில்லை. வேளாண்மை வகுப்புகளிலே இருக்கைகள் பல வெறுமையாகவே கிடந்தன. ஏட்டைப் பார்த்து உழுகின்றவர்கள் என்று கிராமத்தார் பேராசிரியர்களை நகையாடினர். அந்நகைப்பிலே உண்மையும் இல்லாமலில்லை. வேளாண்மை பற்றிக் கற்பிக்க வந்தவர்களிடம் கற்பிப்பதற்குரிய விஞ்ஞானம் அக்காலத்திலே போதிய அளவு இருக்கவில்லை. ஒரு மாநிலத்து மண்ணுக்கு ஏற்ற விதை எது, எந்த நோய்க்கு எது மருந்து என்று உழவன் கேட்டால், பேராசிரியர் ஐரோப்பிய நூலொன்றைப் புரட்டவேண்டியவராயிருந்தார். கதவைத் திறந்தவர்கள், உள்ளே படைக்க வேண்டிய உணவைச் சமைக்க மறந்துவிட்டனர்.

இக்குறையை நீக்கப் பிறந்தது 1887 ஆம் ஆண்டின் ஹாச் சட்டம். ஒவ்வொரு மாநிலத்திலும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்துவதற்கு ஆண்டுதோறும் 15,000 டொலர் வழங்க அது வழி செய்தது. அதன்பின் பேராசிரியர்கள் அந்தந்த மாநிலத்து மண்ணையே சோதித்தனர். உழவரின் இடர்ப்பாடுகளையே ஆராய்ச்சிப் பொருளாக்கினர்.

விஸ்கொன்சின் மாநிலத்து நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்று. அங்கே பால் விற்பவர்களுக்கு அளவைப் பார்த்தே விலை கொடுக்கப்பட்டது. பாலிலே நீர் கலப்பவனுக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுக் கொடுப்பவனுக்கும், நல்ல பால் கொடுப்பவனுக்கும் ஒரே விலை. இதனால் நேர்மையானவன் நட்டமடைந்தான். வெண்ணெய்த் தொழிலும் தளர்ந்தது. அம்மாநிலப் பல்கலைக்கழகத்து ஸ்ரீபன் பப்கொக் என்னும் இரசாயன அறிஞர், பாலிலுள்ள கொழுப்பின் அளவை எளிதில் அறியும் சோதனையொன்றை 1890 இல் வெளியிட்டார். சிறிது அமிலமும், சுழலும் கருவியொன்றும், அளவு குறித்த குப்பியுமே போதும். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை; யாவரும் பயன்படுத்துமாறு விட்டுவிட்டார். ஆராய்ச்சிக்கூடத்திலே பிறந்த அறிவு சந்தையிலே நீதியாக மாறியதைக் கண்ட பின்னரே, உழவர்கள் பல்கலைக்கழகத்தைத் தமக்குரியதாகக் கருதத் தலைப்பட்டனர்.

இனி, திறந்த கதவின் வழியாக நுழைந்தவர் யாவர் என்பதைப் பார்த்தல் வேண்டும். பெண்களுக்கு இக்கல்லூரிகள் பெருந்துணை செய்தன. ஐயோவா மாநிலத்துக் கல்லூரி 1869 இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே ஆண்களோடு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1880 இல் அங்கே பட்டம் பெற்ற வகுப்பில் ஒரேயொரு பெண்ணாக இருந்தவர் கரி சப்மன் கற். பின்னாளிலே பெண்களின் வாக்குரிமை இயக்கத்துக்குத் தலைமை தாங்கி, 1920 இல் அவ்வுரிமை அமெரிக்க அரசியல் யாப்பில் இடம்பெறும்வரை உழைத்தவர் அவரே.

அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களின் நிலையோ வேறு. தென்மாநிலங்களில் நிலக்கொடைக் கல்லூரிகள் பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியனவாயிருந்தன. முதுமையடைந்தும் சபையிலே பணியாற்றிய மொறில், 1890 இல் இரண்டாவது சட்டமொன்றை நிறைவேற்றுவித்தார். நிறவேற்றுமை பாராட்டி மாணவரைச் சேர்க்கும் கல்லூரிக்குப் பணம் இல்லை என்று அச்சட்டம் கூறிற்று. ஆனால் அதனைத் தொடர்ந்தே, கறுப்பின மாணவருக்கு வேறொரு கல்லூரி நடத்திப் பணத்தை நியாயமாகப் பங்கிட்டால் போதும் என்று விலக்கும் அளித்தது. தென்மாநிலங்கள் அவ்விலக்கையே பற்றிக்கொண்டன. கறுப்பின மக்களுக்கெனக் கல்லூரிகள் எழுந்தன, கல்வி கிடைத்தது, ஆனால் பங்கீட்டிலே நியாயம் கிடைக்கவில்லை. ஒரு கதவைத் திறந்த கையே, அதற்கருகில் ஒரு சுவரையும் எழுப்பியது.

இச்சுவரின் இருபுறத்தையும் கண்ட ஒருவரின் வாழ்க்கை இங்கே நினைவுகூரத்தக்கது. ஜோர்ஜ் வாஷிங்டன் காவர் 1864 ஆம் ஆண்டளவில் மிசூரி மாநிலத்திலே அடிமைத் தாயொருத்தியின் வயிற்றிற் பிறந்தார். அவர் கைக்குழந்தையாயிருந்தபோது கொள்ளைக் கூட்டத்தார் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். சேய் மீட்கப்பட்டது, தாயைப் பற்றிய செய்தி பின் கிடைக்கவேயில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலே பள்ளி இல்லாமையால், சிறுவனாயிருந்தபோதே வேற்றூருக்குச் சென்று, வீட்டு வேலை செய்து கற்றார். கன்சாஸ் மாநிலத்துக் கல்லூரியொன்று அவருடைய விண்ணப்பத்தைக் கடிதமூலம் ஏற்றுக்கொண்டது. ஆவலோடு அங்கே சென்று நின்றபோது, அவருடைய நிறத்தைக் கண்டு திருப்பியனுப்பிவிட்டது. எழுத்தைப் பார்த்துத் திறந்த கதவு முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.

சில ஆண்டுகள் கழித்து, 1890 இல், ஐயோவாவிலுள்ள சிம்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். செடிகொடிகளிலே அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்ட ஓவிய ஆசிரியை, தம் தந்தையார் பணிபுரிந்த ஐயோவா நிலக்கொடைக் கல்லூரிக்குச் செல்லுமாறு வழிகாட்டினார். 1891 இல் அங்கே சேர்ந்த முதற் கறுப்பின மாணவர் காவர். 1894 இல் இளமாணிப் பட்டமும் 1896 இல் முதுமாணிப் பட்டமும் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். வசதியும் ஆராய்ச்சிக்கூடமும் நன்மதிப்பும் அங்கே அவருக்கு இருந்தன.

அந்நிலையிலே, அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அடிமையாகப் பிறந்து கல்வியால் உயர்ந்த புக்கர் வாஷிங்டன் என்பார் 1881 முதல் அங்கே கறுப்பின மக்களுக்காக ஒரு கல்வி நிலையத்தை நடத்தி வந்தார். 1896 இல் காவர் அங்கே சென்றார். மறுவருடம் மாநில அரசு அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்து, அதற்கு ஆண்டுக்கு 1,500 டொலர் ஒதுக்கியது. ஹாச் சட்டம் மாநிலந்தோறும் வழங்கிய தொகையில் அது பத்தில் ஒரு பங்கு.

அங்கே அவர் கண்டது களைத்துப்போன மண். பல தலைமுறைகளாக ஓயாது பருத்தியை விளைவித்து, அந்நிலம் தன் சத்தையெல்லாம் இழந்திருந்தது. அதிலே உழைத்தவர்கள் பெரும்பாலும் சொந்த நிலமற்றவர்கள். வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனிலே மூழ்கியவர்கள். பருத்தி ஒன்றையே பயிரிடுமாறு கடன் கொடுத்தவன் வற்புறுத்தினான். பருத்தியே மண்ணை மேலும் வறிதாக்கியது. வறிய மண் மேலும் கடனைப் பெருக்கியது. மண்ணின் வறுமையும் மனிதனின் வறுமையும் ஒன்றையொன்று வளர்த்தன.

செயற்கை உரத்தை வாங்கியிடுக என்று எழுதுவது ஒரு விஞ்ஞானிக்கு எளிது. வாங்கப் பணமில்லாதவனுக்கு அவ்வறிவுரை பயன்படாது என்பதைக் காவர் உணர்ந்தார். ஆகவே, காசில்லாமற் கிடைப்பவற்றையே ஆராய்ந்தார். காட்டில் உதிரும் இலைகளையும் சதுப்புநிலத்துச் சேற்றையும் மக்கவைத்து உரமாக்கும் முறையைக் கற்பித்தார். 1898 இல் அவர் வெளியிட்ட முதற் சிறுநூலே, காட்டிற் கிடைக்கும் ஓக் மரக் கொட்டைகளைக் கால்நடைக்குத் தீனியாக்குவது பற்றியது. 1905 இல் தேய்ந்துபோன மண்ணை மீண்டும் வளமாக்குவது எப்படி என்பது பற்றி மற்றொரு சிறுநூலை வெளியிட்டார்.

பருத்தியை விளைத்த நிலத்திலே மறுபோகத்தில் கௌப்பியையும் கச்சானையும் பயிரிடுமாறும், வத்தாளங்கிழங்கை நடுமாறும் அவர் அறிவுறுத்தினார். கௌப்பி, கச்சான் முதலிய அவரையினத் தாவரங்களின் வேர்முடிச்சுகளிலே வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பற்றிப் பயிருக்கு ஊட்டுகின்றன என்ற உண்மையை, 1880 களில் ஜேர்மனிய அறிஞர் ஹெல்றீகல் நிறுவியிருந்தார். யாழ்ப்பாணத்து உழவன் தோட்டத்திலே பூவரசங்குழையைத் தாழ்ப்பதும், சணலை விதைத்து உழுது மண்ணுக்குள் மடக்குவதும் இத்தகைய அறிவின்பாற்பட்டனவே. விளைவதை மண்ணிலிருந்து எடுத்தவன், எடுத்ததற்கு ஈடாக மண்ணுக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்ற நீதியை இருநாட்டு உழவரும் அறிவர். அலபாமாவிலே அந்நீதி கடனின் நெருக்குதலால் மறைந்திருந்தது. காவர் அதனை விஞ்ஞானத்தின் துணைகொண்டு மீட்டார்.

கச்சான் வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் காவர் என்று பலர் இன்றும் எழுதுவதுண்டு. அது பொருந்தாத கூற்று. அவருக்கு முன்னரே அது வழக்கில் இருந்தது. அவருடைய உண்மையான சாதனை அதனினும் பெரியது. உழவன் விளைத்த கச்சானுக்குச் சந்தையில்லை என்ற நிலை வந்தபோது, அதனை வீட்டிலேயே உணவாக்கும் 105 வகைகளை 1916 இல் ஒரு சிறுநூலில் எழுதி வழங்கினார். மண் பிழைக்கவேண்டுமாயின் பயிரை மாற்றவேண்டும். பயிரை மாற்றினால் உழவன் பட்டினி கிடக்கலாகாது. இரண்டையும் ஒருங்கே எண்ணியமையே அவருடைய தனிச்சிறப்பு.

எழுதப் படிக்கத் தெரியாத உழவனுக்குச் சிறுநூலால் பயன் என்ன? கல்லூரிக்கு வர இயலாதவனிடம் கல்லூரியே செல்லவேண்டும் என்று டஸ்கீகியார் முடிவு செய்தனர். 1906 இல் மொறிஸ் ஜெசப் என்னும் செல்வர் கொடுத்த பொருளால் ஒரு வண்டி அமைக்கப்பட்டது. கலப்பையும் விதைவகைகளும் பால்கடையும் கருவியும் ஏற்றப்பட்ட அவ்வண்டி ஊர் ஊராகச் சென்றது. ஆசிரியர் வயலில் இறங்கி உழுது காட்டினார். வீட்டுப் பெண்களுக்கு உணவைப் பேணும் முறையைச் செய்து காட்டினார். அதே ஆண்டிலே அப்பணிக்கென நியமிக்கப்பட்ட தோமஸ் கம்பெல், அமெரிக்க அரசின் வேளாண்மை விரிவாக்கப் பணியிலே சேர்ந்த முதற் கறுப்பின அலுவலராவார்.

இத்தகைய முயற்சிகளின் பயனை உணர்ந்த காங்கிரஸ் சபை, 1914 இல் சிமித்-லீவர் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு மாநிலத்து நிலக்கொடைக் கல்லூரியும் தன் அலுவலர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, கல்லூரிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் கற்பிப்பதற்கு அது நிலையான பணம் வழங்கியது. மாணவனாகப் பதிவு செய்துகொள்ளாதவனும் பல்கலைக்கழகத்திற்கு உரியவனே என்ற கொள்கை இவ்வாறு சட்டமாயிற்று. ஆனால், பணத்தை எக்கல்லூரிக்கு வழங்குவது என்பதை மாநிலச் சட்டசபைகளே தீர்மானித்தன. தென்மாநிலங்களில் அது வெள்ளையர் கல்லூரிகளுக்கே சென்றது. வண்டியோட்டி வழிகாட்டியவர்கள் வழியோரத்திலே விடப்பட்டனர். ஆராய்ச்சிப் பணத்தின் நிலையும் அதுவே. 1887 இல் ஹாச் சட்டம் வழங்கிய உதவிக்கு ஒப்பான நிலையான உதவி, கறுப்பின மக்களின் நிலக்கொடைக் கல்லூரிகளுக்குச் சட்டத்தால் உறுதியானது 1977 இலேதான். இடையே கழிந்தவை 90 ஆண்டுகள்.

வண்டி சென்ற வழியிலே வானொலியும் சென்றது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலார் நிறுவிய ஒலிபரப்பு நிலையம், வானிலைச் செய்தியையும் வேளாண்மைச் செய்தியையும் தொலைவிலுள்ள பண்ணைகளுக்கு எடுத்துச் சென்றது. 1931 இலிருந்து அது ஒற்றை ஆசிரியர் கற்பிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென வகுப்புகளையும் ஒலிபரப்பியது. பல்கலைக்கழகத்தின் எல்லை அதன் மதிலன்று, மாநிலத்தின் எல்லையே என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது.

இத்துணைப் பணிகளுக்கிடையிலும் பெருந்தவறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்பதே நாட்டின் அளவுகோலாயிற்று. முதலாம் உலகப் போர்க் காலத்திலே கோதுமை விலை உயர்ந்தது. மேற்கேயுள்ள பெருஞ்சமவெளியிலே, நெடுங்காலமாகப் புல்வேர் பிணித்து வைத்திருந்த மண்ணை உழவு இயந்திரங்கள் கிளறிப் போட்டன. 1931 இல் மழை பொய்த்தது. பிடிப்பற்ற மண் காற்றோடு எழுந்தது. 1934 ஆம் ஆண்டு மே மாதத்துப் புழுதிப் புயல் நியூயோர்க், வாஷிங்டன் நகரங்களின் வானத்தையே மறைத்தது. 1935 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 14 ஆம் நாள் பகல் இருளாயிற்று. மக்கள் அந்நாளைக் கரிய ஞாயிறு என்றழைத்தனர். அம்மாதத்திலேயே மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இவ்வாண்டின் விளைச்சலை மட்டும் எண்ணி, பத்தாண்டு கழித்து அம்மண்ணிலே எதுவும் விளையுமா என்று எண்ணாத அறிவு முழுமையான அறிவன்று என்பதை அப்புழுதி எழுதிக் காட்டியது.

அப்பாடத்தை முன்னரே உணர்ந்து செயற்பட்டோரும் இருந்தனர். விஸ்கொன்சின் மாநிலத்துக் கூன் பள்ளத்தாக்கிலே மலைச்சரிவுகளை மேலிருந்து கீழாக உழுததால், ஒவ்வொரு மழையும் மண்ணை வாரிச் சென்று ஓடைகளைத் தூர்த்தது. 1933 இல் மத்திய அரசின் மண்ணரிப்புத் தடுப்புப் பகுதியும் மாநிலப் பல்கலைக்கழகமும் உள்ளூர் உழவரும் ஒன்றுசேர்ந்தனர். உழுசால் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பப்பட்டது. பயிரும் புல்லும் மாறிமாறிப் பட்டைகளாக விதைக்கப்பட்டன. செங்குத்தான காட்டுச் சரிவுகளிலே கால்நடை புகாதவாறு வேலியிடப்பட்டது. அவ்வாண்டிலேயே அப்பல்கலைக்கழகத்தில் வனவிலங்குப் பேணலுக்கெனப் பேராசிரியராக அமர்ந்த ஆல்டோ லெப்போல்ட் இம்முயற்சிக்குத் துணைநின்றார். ஒரு பண்ணையை மட்டும் திருத்துவது போதாது, மேட்டுநிலத்தவனும் பள்ளத்தவனும் கூடினாலன்றி மண் நில்லாது என்ற உண்மை அங்கே தெளிவாயிற்று. மண்ணைக் காப்பது தனியொருவரின் திறமையன்று, ஊராரின் ஒற்றுமை என்பதையும் பல்கலைக்கழகம் கற்பிக்கவேண்டியதாயிற்று.

கதவுகள் பின்னரும் ஒவ்வொன்றாகவே திறந்தன. அலபாமா மாநிலத்தில் வெள்ளையருக்கென இருந்த ஒபேர்ண் நிலக்கொடைப் பல்கலைக்கழகம் முதற் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது 1964 இல், அதுவும் நீதிமன்றக் கட்டளையின் பின்னரே. எவருடைய நிலத்தை விற்று இக்கல்லூரிகள் எழுந்தனவோ, அப்பழங்குடி மக்கள் தாமே நடத்தும் கல்லூரிகளுக்கு நிலக்கொடைக் கல்லூரி என்னும் தகுதி 1994 இல் வழங்கப்பட்டது. லிங்கன் கையொப்பமிட்ட நாளிலிருந்து 132 ஆண்டுகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வமைப்பு பிற நாடுகளுக்கும் சென்றது. இமயமலை அடிவாரத்துப் பந்த்நகரிலே, இலினோய் பல்கலைக்கழகத்தின் துணையோடு அமைந்த இந்தியாவின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை 1960 இல் ஜவகர்லால் நேரு திறந்துவைத்தார். கற்பித்தலும் ஆராய்ச்சியும் விரிவாக்கமும் ஒருங்கிணைதல் வேண்டும் என்பதே அங்கும் அடிப்படையாயிற்று.

இலங்கையிலே 1945 இலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கட்டணம் என்னும் பூட்டு அன்று கழன்றது. ஆனால் கதவுக்குப் பூட்டு ஒன்றல்ல என்பதை நிலக்கொடைக் கல்லூரிகளின் வரலாறு காட்டுகின்றது. மொழி ஒரு பூட்டு. நிறமும் குலமும் ஒரு பூட்டு. தொலைவு ஒரு பூட்டு. இவையாவும் கழன்ற பின்னரும், உள்ளே கற்பிக்கப்படுவது வெளியே வாழ்பவனின் வாழ்வோடு ஒட்டாததாயின், அதுவே கண்ணுக்குத் தெரியாத பூட்டாகி விடுகின்றது.

கதவு எவ்வளவு அகலம் என்பதை உள்ளே இருப்பவன் அறியான். வாசலில் நிற்பவனே அறிவான். கன்சாசிலே வாசலில் நின்று திரும்பிய காவர் அதனை அறிந்திருந்தார். ஆகையினாலேதான், தமக்குக் கதவு திறந்தபோது, உள்ளேயே இருந்துவிடாமல் வண்டிகட்டி வெளியே சென்றார். 1943 ஆம் ஆண்டு சனவரி மாதம் 5 ஆம் நாள் அவர் மறைந்தார். அதற்கு முன்பே, தம் சேமிப்பையெல்லாம் டஸ்கீகியில் ஆராய்ச்சிக்கென நிறுவிய நிதியத்துக்கு அளிக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். கற்றவன் தான் பெற்றதைத் தனக்குப் பின் வருவோருக்கு விட்டுச் செல்லவேண்டும். உழுதவன் மண்ணைத் தான் பெற்றதினும் வளமாக விட்டுச் செல்லவேண்டும். ஏட்டுக்கும் ஏருக்கும் அறம் ஒன்றே.